மாமியார் காருக்கு ஒரு ஜோடி டிஸ்க்

பன்னிரண்டு வருடமாக வண்டி உதிரிபாகக் கடையின் கவுன்ட்டரில் நிற்கிறவன் அவன். யார் வந்து எந்த வண்டியின் பெயரைச் சொன்னாலும், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே அதன் பிரேக் பேட் எந்த அலமாரியில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். பிரேக் விஷயத்தில் அவன் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. அப்படிப்பட்டவனுக்கும் ஒரே ஒரு ஆளைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது அவனுடைய மாமியார்.

மாமியார் பொல்லாதவர் இல்லை. மருமகனைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னவரும் இல்லை. முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், அவ்வளவுதான். கல்யாணப் பேச்சுக்காக முதல் தடவை அந்த வீட்டுக்குப் போன அன்று, அவன் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதை அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வந்து, கடைசியில் பூந்தொட்டியில் இடித்தான். அவர் கீழே இறங்கி வந்து, தொட்டியை ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்றார். அந்த ஒரு அடி ஆறு வருடமாக அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே மாமியார் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, உள்ளே ஏறுவதென்றால் ஏறக்குறைய தரையில் உட்கார வேண்டும். மகள் வாயைப் பிளந்தாள்.

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. முப்பது வருஷம் நான் ஓட்டினது என்ன? நாலு சக்கரம் வெச்ச கட்டில். இப்பத்தான் கார் ஓட்டப்போறேன்."

அந்தக் கார் வந்து மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மாமியார் கடைக்குள் நுழைந்தார். கவுன்ட்டரில் அவருக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். மருமகன் பார்த்தான். லாரிக்கு ஆயில் ஃபில்டர் கேட்டவருக்கு ஸ்கூட்டர் கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

"அத்தை, நீங்க முன்னால வாங்க."

"எதுக்கு? இவங்க எனக்கு முன்னாடி வந்தவங்க. இப்ப எனக்கு சைரன் கிடையாது மாப்பிள்ளை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் அசடு வழிந்தான். அவருடைய முறை வந்ததும் மாமியார் இரண்டு கைகளையும் கவுன்ட்டரில் ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பிரேக் போட்டால் ஸ்டீயரிங் குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குகிறது. காலையில் முதல் இரண்டு தடவை அமுக்கினால் பிடிப்பதே இல்லை. கீச்சென்று சத்தம் வேறு, தெருவில் தூங்குகிற நாய்களெல்லாம் எழுந்து நிற்கின்றன.

"முன்னால ரெண்டு டிஸ்க், ஒரு செட் பேட், எல்லாமே மாத்திடலாம் அத்தை."

"எது நல்லதோ அதைப் போடுங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை?"

இந்த ஒரு வார்த்தை போதாதா? மருமகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்த வாடிக்கையாளர் வந்தாலும் அவன் மூன்று கேள்வி கேட்பான்: எங்கே ஓட்டுவீர்கள், எப்படி ஓட்டுவீர்கள், கழற்றி அளந்தீர்களா? கேட்காமல் ஒரு பேட் கூட விற்க மாட்டான். மாமியாரிடம் மூன்றில் ஒன்றைக் கூட அவன் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பது ஒன்று. கேட்காமலே தெரியும் என்று நினைத்தது இன்னொன்று. அவர் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்த கதையைக் கல்யாணத்திலேயே நான்கு பேர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படி ஓட்டுகிறவருக்குச் சாதாரண பேட் எந்த மூலைக்கு? கேட்டலாக்கில் இருப்பதிலேயே உக்கிரமானதாகப் பார்த்து ஆர்டர் போட்டான். முகமெல்லாம் ஓட்டை போட்ட டிஸ்க் இரண்டு, சிவப்புப் பெட்டியில் வரும் ரேஸ் பேட் ஒரு செட்.

சனிக்கிழமை எல்லாம் மில்லிமீட்டரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மில்லிமீட்டர் என்பது அந்த மெக்கானிக்குக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர். சட்டைப்பையில் பேனா இருக்கிற இடத்தில் அளவுக்கருவி வைத்திருப்பார். டீ கிளாஸைக்கூட அளந்துவிட்டுத்தான் குடிப்பார் என்று கேலி செய்வார்கள். மஞ்சள் கார் முன்சக்கரங்கள் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. மாமியார் ஓரமாக ஒரு பழைய கார் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகன் பெட்டியைப் பிரித்துப் புது டிஸ்கை இரண்டு கைகளாலும் ஏந்திக் கொண்டுவந்தான்.

மில்லிமீட்டர் அதை வாங்கிச் சக்கரம் மாட்டுகிற அச்சில் பொருத்தினார். பேடுகளைப் பிடித்து டிஸ்கைக் கவ்வுகிற காலிப்பரைக் கொண்டுவந்து மேலே வைத்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்தார். அப்போதும் உட்காரவில்லை. அளவுக்கருவி வெளியே வந்தது.

"தம்பி, இந்த மாடல்ல ரெண்டு சைஸ் பிரேக் உண்டு. பெருசு, சின்னது. இந்த வண்டிக்குச் சின்னது. நீ வாங்கினது பெருசு. பதினெட்டு மில்லிமீட்டர் கூட இருக்கு."

மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப என்னண்ணே பண்றது?"

"நடுவுல ஒரு முள்ளு வெச்சா நல்ல சுவர்க்கடிகாரம் ஆகும்."

பழைய கார் சீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மில்லிமீட்டர் அவனை விடுகிற மாதிரி இல்லை. கழற்றிய பழைய பேடை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைப் பாரு. இதுவும் ரேஸ் பேட்தான். முந்தி வெச்சிருந்த ஆள் போட்டது. இது நல்லா சூடு ஏறினாத்தான் பிடிக்கும். ஆறிக் கிடந்தா அரம் மாதிரி டிஸ்கை ராவும். டிஸ்க் விளிம்புல, தடிமன் இருபத்தி மூணு மில்லிமீட்டருக்குக் கீழ போகக்கூடாதுன்னு அடிச்சிருக்கு. இங்க இருபத்திரெண்டே முக்கால். இங்க இருபத்திரெண்டரை. ஒரே டிஸ்க், ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. ஸ்டீயரிங் நடுங்காம என்ன செய்யும்? உங்க அத்தை இந்தப் பேடை ஒரு நாள் கூடச் சூடாக்கல."

"அவங்களா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "அவங்க ஓட்டற வேகத்துக்கு டிஸ்கே சிவந்திருக்கணுமேண்ணே!"

"நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கியா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஆறு வருடத்தில் ஒரு தடவை கூட மாமியார் ஓட்டி அவன் உட்கார்ந்ததில்லை. தேய்ந்த டிஸ்கைத் திரும்ப மாட்ட மில்லிமீட்டர் மறுத்துவிட்டார். மஞ்சள் கார் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும் என்று தன் வேன் சாவியை மாமியாரிடம் கொடுத்து, மருமகனைப் பக்கத்தில் ஏற்றி அனுப்பினார்.

அந்த வேனின் பின்னால் போல்ட்டு நட்டு நிரம்பிய ஓர் இரும்புப் பெட்டி உண்டு. மில்லிமீட்டர் ஓட்டும்போது ஒவ்வொரு பிரேக்குக்கும் அது தரையில் சறுக்கி வந்து சீட்டின் முதுகில் இடிக்கும். மருமகன் அந்த இடியை எதிர்பார்த்து முதல் சிக்னலிலேயே முதுகை நிமிர்த்திக்கொண்டான். இடிக்கவில்லை. வேன் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. இரண்டாவது சிக்னல், ஒரு திருப்பம், குறுக்கே ஓடிவந்த ஒரு சைக்கிள். எதற்கும் பெட்டி அசையவில்லை. வேகம் மட்டும் ஒன்றும் குறைச்சலில்லை. முன்னால் போகிறவர் என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரிவதற்கு முன் மாமியாருக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் கால் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டு, மெதுவாக, நீளமாக அமுக்குகிறது.

மூன்றாவது சிக்னலில் அவன் வாயைத் திறந்தான்.

"அத்தை, நீங்க எப்பவுமே இப்படித்தான் பிரேக் போடுவீங்களா?"

"வேற எப்படிப் போடறது? பின்னால ஒருத்தர் இடுப்பு எலும்பு உடைஞ்சு படுத்திருப்பாரு. இன்னொரு நாள் பிரசவ வலியோட ஒருத்தி. சலைன் பாட்டில் ஆடினா உள்ள இருக்கிற நர்ஸ் கண்ணாடியில என்னை முறைப்பாங்க. வேகமாப் போறது வேற, வெடுக்குன்னு நிறுத்தறது வேற மாப்பிள்ளை."

அவனுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. பட்டுத் துணியைத் தடவுவது போல பிரேக் போடுகிறவருக்கு அவன் நெருப்புக் கக்கும் பேடை வாங்கியிருக்கிறான்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. அளக்கவும் இல்ல, உங்களைக் கேட்கவும் இல்ல."

"ஏன் கேட்கல?"

"பயம்."

"என்கிட்டயா?"

"அந்தப் பூந்தொட்டி..." என்று ஆரம்பித்து அவன் கதை முழுவதையும் கொட்டிவிட்டான். ஜன்னல், மூன்று தடவை முன்னும் பின்னும், அந்த ஒரு அடி. மாமியார் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"எந்தப் பூந்தொட்டி? நீங்க இடிச்சீங்களா? எனக்கு ஞாபகமே இல்லையே. வெயில் படலன்னு தள்ளி வெச்சிருப்பேன்."

ஆறு வருடப் பயம் ஒரு சிக்னல் பச்சையாவதற்குள் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியாரும் சிரித்தார். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடிக்கும்வரை இருவரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு மாமியார் தன் பங்குக்கு ஒரு ரகசியத்தை அவிழ்த்தார்.

"பதினெட்டாம் தேதி ரேஸ் டிராக்கைப் பொதுஜனத்துக்குத் திறந்து விடறாங்க. யார் வேணும்னாலும் சொந்த வண்டியில ஓட்டலாம். நான் பேர் குடுத்திருக்கேன். உங்க பொண்டாட்டிகிட்ட மூச்சு விடாதீங்க."

"டிராக்கா அத்தை!"

"பின்னால யாரையும் படுக்க வெக்காம, ஒரே ஒரு நாள், என் இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில், மாமியார் மறுபடி கடைக்கு வந்தார். மருமகன் அவருக்கு ஸ்டூல் போட்டான். இந்தத் தடவை மூன்று கேள்வியையும் கேட்டான். பதில்களை எழுதிக்கொண்டான். பிறகு மூன்று மாதிரி டிஸ்குகளைக் கவுன்ட்டரில் வரிசையாக வைத்தான்.

"இந்த ஓட்டை போட்டது பார்க்க நல்லா இருக்கே" என்றார் மாமியார்.

"பாதி அழகுக்குத்தான் அத்தை. டிராக்ல சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடும். வேணாம். ஒண்ணுமே இல்லாத இந்த வழவழ டிஸ்க்தான் என் கணக்குக்கு. ரொம்ப நாள் உழைக்கும்."

"நடுவுல கோடு கோடா கீறி வெச்சிருக்காங்களே, இது?"

"அந்தக் கோடு பேடோட முகத்தைச் சுத்தமா வெச்சிருக்கும். பிரேக் போடும்போது லேசா உறுமற மாதிரி சத்தம் வரும். பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும். கெடுதல்னு சொல்ல முடியாது."

பேடிலும் மூன்று வகை வைத்தான். ஒன்று செராமிக், சத்தம் போடாது, ரிம்மில் தூசி படியாது. ஆனால் டிராக்கில் மூன்றாவது சுற்றிலேயே அதற்கு மூச்சு வாங்கும். இன்னொன்று பழைய ரேஸ் பேட், அதைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. காலையில் ஆறிக்கிடக்கும் வண்டியிலும் பிடிக்கும், டிராக்கில் பத்து சுற்றும் தாங்கும். குறை ஒன்றுதான்.

"கறுப்பா தூசி கொட்டும் அத்தை. வாரா வாரம் ரிம்மைத் துடைக்கணும்."

"முப்பது வருஷம் என் வண்டியில நான் துடைக்காததா? தூசிக்கா பயப்படப் போறேன்? அதையே குடுங்க. கூட அந்தக் கோடு போட்ட டிஸ்க்."

"வழவழ டிஸ்கே போதும்னு..."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. சக்கரத்துக்கு நடுவுல தெரியும்ல? ஆசைன்னு ஒண்ணு வேணாமா?"

மருமகன் கோடு போட்ட டிஸ்கையே எழுதினான், சின்ன சைஸ் என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டான். சூட்டில் கொதித்துப் போகாத நல்ல பிரேக் ஆயில் ஒரு பாட்டிலும் தானாகவே சேர்த்தான். டிராக்கில் பிரேக் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி அமுங்கினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஆயில்தான் என்று விளக்கினான். மாமியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மில்லிமீட்டர் எல்லாவற்றையும் மாட்டினார். காலிப்பர் டிஸ்கின் மேல் கச்சிதமாக உட்கார்ந்ததும் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

இனி ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுப் பேடும் புது டிஸ்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்கு ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, பலமாக பிரேக் அமுக்கி, முழுவதும் நிற்பதற்குள் விட்டுவிட்டு, மறுபடி வேகமெடுக்க வேண்டும். பத்து தடவை. நின்றுவிட்டால் சூட்டில் பேடின் அச்சு டிஸ்கில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பழைய நடுக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த நீளமான காலிச் சாலைக்கு இருவரும் போனார்கள். மாமியார் ஸ்டீயரிங்கில், மருமகன் பக்கத்தில்.

"எண்பது வரட்டும் அத்தை... இப்ப! அமுக்குங்க!"

மாமியார் அமுக்கினார். கார் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெதுவாக அடங்கியது.

"பலமா அத்தை."

"பலமாத்தான் அமுக்கினேன்."

இரண்டாவது தடவையும் அதே பட்டுத் துணி. மூன்றாவது தடவையும் அதே. அவன் இறங்கி டிஸ்கின் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தான். காலை டீயின் சூடு கூட இல்லை. மாமியார் தன் வலது காலை ஏதோ வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் கேட்க மாட்டேங்குது மாப்பிள்ளை. தானா இளகிடுது."

அவன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினான். மறுபடி எண்பது வந்தது. அதற்குப் பிறகு தன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"பின்னால யாரும் இல்ல அத்தை! யாருமே இல்ல! மிதிங்க!"

மாமியார் மிதித்தார்.

கார் மூக்கைத் தரையில் குத்தியது. மருமகனின் சட்டைப்பையில் இருந்த பேனா பறந்து போய்க் கண்ணாடியில் மோதியது. அவன் கன்னம் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டது.

"விடுங்க! நிக்காதீங்க! போங்க, போங்க!"

"போறேன், கத்தாதீங்க!" என்று மாமியார் கத்தினார். கத்திக்கொண்டே சிரித்தார். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

"மறுபடி! மிதிங்க!"

"ஐயோ!"

"விடுங்க!"

பத்து என்பது பதினான்கு ஆயிற்று. அதோடு எண்ணிக்கையை இருவருமே விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மிதிக்கும் மாமியார் 'ஐயோ' என்று கூவினார், ஒவ்வொரு கூவலும் முந்தியதை விடச் சந்தோஷமாக இருந்தது. சக்கரங்களிலிருந்து லேசாகப் புகையும் எரிந்த வாடையும் வந்தபோது, "இதுதான் வேணும், இதுதான் வேணும்!" என்று மருமகன் டேஷ்போர்டைத் தட்டினான். பிறகு பிரேக்கைத் தொடாமல் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டார்கள். மாமியாரின் கண்கள் கலங்கியிருந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தக் கால் எனக்குச் சொந்தமாவே இல்ல போலிருக்கு" என்றார்.

அவன் கீழே கிடந்த பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

வீட்டு வாசலிலேயே அவன் மனைவி இருவரையும் பிடித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டு பேர் மேலயும் என்ன இது, ஏதோ கருகின வாடை? எங்க போயிட்டு வர்றீங்க?"

மருமகன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் கூரையைப் பார்த்தார். இரண்டு நிமிடம் கூடத் தாங்கவில்லை, ரேஸ் டிராக் வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படப் போகிறாள் என்று இருவரும் பேய் முழி முழித்தார்கள்.

"எல்லாம் சரி. என்னை ஏன் கூப்பிடல?" என்றாள் அவள்.

பதினெட்டாம் தேதி நான்கு பேரும் போனார்கள். மஞ்சள் காரில் மாமியாரும் மருமகனும், வேனில் மில்லிமீட்டரும் மகளும். டிராக்கின் ஓரத்தில் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். முதல் இரண்டு சுற்றிலும் மாமியாரை எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள். மூன்றாவது சுற்றில், நீளமான நேர்ப் பாதையின் முடிவில் இருந்த கொண்டை ஊசி வளைவுக்கு, மஞ்சள் கார் வந்த வேகத்தைப் பார்த்து மகள் கண்ணைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் பிரேக் போடும் இடத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் போடவில்லை. இன்னும் இல்லை. பிறகு சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது, கார் குனிந்து, அடங்கி, வளைவைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போனது. மருமகன் தன்னை மறந்து விசில் அடித்தான். மில்லிமீட்டர் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு, "நடுக்கம் இல்ல. கீச்சு இல்ல" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டினால் அவ்வளவுதான் பாராட்டுவார்.

பத்து சுற்று முடிந்து மாமியார் ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகம் மாதிரி சிவந்திருந்தது. பக்கத்து வண்டிக்காரர் வந்து, அந்த வளைவில் எப்படி அவ்வளவு தாமதமாக பிரேக் போட முடிகிறது, என்ன பேட் என்று விசாரித்தார்.

"எனக்கு என்ன தெரியும்? எங்க மாப்பிள்ளையைக் கேளுங்க" என்று மாமியார் கையைக் காட்டினார். "முதல்ல மூணு கேள்வி கேட்பாரு. பதில் சொல்லிட்டுத்தான் வாங்கணும்."

மருமகன் அந்த மனிதரை ஓரமாக அழைத்துப்போய்க் கேள்விகளை ஆரம்பித்தான். அவன் திரும்பி வந்தபோது மஞ்சள் காரில் அவனுடைய இடத்தில் அவன் மனைவி ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த ரவுண்டுக்கு நான்தான் கூட போறேன்" என்றாள். "வீட்டுக்குப் போகும்போதும் நான்தான். நீங்க வேன்ல வாங்க."

"அத்தை, இது நியாயமா?"

"அவ என் பொண்ணு மாப்பிள்ளை, நான் என்ன பண்ணட்டும்?" என்று மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினார். போகிற போக்கில் உள்ளிருந்து தாயும் மகளும் ஒரே குரலில் 'ஐயோ' என்று கூவுவது முதல் வளைவிலிருந்தே கேட்டது.